ரெஜினா தெருக்குழாயைப் படத்தில் ஏற்றிய படலம்

கேளுங்கள், குடம் சுமந்த தோளினரே! வரிசையில் நின்று கால் கடுத்த பெருமக்களே! மாமல்லபுரத்துக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, ஐம்பத்திரண்டு வீடும் ஒரே ஒரு குழாயும் கொண்டு விளங்கும் கிறிஸ்துநாதர் தெருவின் திலகமாய், ஆட்டோ ஜெபக்குமார் பெற்ற அருந்தவச் செல்வியாய், புள்ளியியல் என்னும் பெருமலையை எழுபத்தொரு சதவீதத்தில் ஏறிக் கடந்து, செங்கல்பட்டில் மூன்று மாதம் டாஷ்போர்டு வகுப்புக்குப் போய், எண்ணைக் கண்டால் கட்டமாக்கிக் கட்டத்தைக் கண்டால் வண்ணம் பூசும் கைவன்மை எய்திய ரெஜினா என்னும் வீராங்கனையைப் பாடப் புகுகின்றேன். சொல்லுக்குத் தெய்வம் எதுவோ அது வந்து என் நாவில் அமரட்டும்; உட்கார இடமில்லையென்றால் நின்றுகொண்டாவது வரட்டும். டாஷ்போர்டு என்றால் ஜெபக்குமார் ஆட்டோவில் ஊதுபத்தி செருகும் பலகை என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரம் வரி எண்களை ஒரே திரையில் கோலம்போல் விரித்து, முதலாளிமார் காப்பி குடித்துக்கொண்டே பார்த்துத் தலையசைக்கும்படி செய்கிற வித்தை அது.

முன்னம் மூன்று நேர்காணற் களங்களில் அவள் தோற்றாள். விடைகளில் பிழையில்லை. பட்டை விளக்கப்படம் எதற்கு, வட்ட விளக்கப்படம் எதற்கு, ஃபில்டர் என்னும் வடிகட்டியை எந்த வரிசையில் போடுவது, இரண்டு அட்டவணைகளை எப்படி இணைப்பது என்று அச்சடித்த ஐம்பது வினாக்களையும் கரைத்துக் குடித்திருந்தாள். ஜெபக்குமாரோ சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தத் தாளைக் கையில் ஏந்தி, ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாய் இடறிப் படித்து, தாமே கம்பெனி மேனேஜர் என்ற நினைப்பில் கால்மேல் கால் போட்டு, பெற்ற மகளென்றும் பாராமல் கேள்விக்கணை பொழிந்தார். என்ன பயன்? வகுப்பில் பயிற்சிக்கென்று கொடுத்த தரவு ஒன்றே ஒன்று. கடல்கடந்த தேசத்தில் நாற்காலியும் பேனாவும் விற்கும் ஒரு கற்பனைக் கடையின் விற்பனைப் பட்டியல். அதையேதான் வேலை தேடும் அத்தனை பேரும் படமாக்கிக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். மூன்றாவது களத்தில் அவள் மடிக்கணினியைத் திறந்த மாத்திரத்தில், எதிரே வீற்றிருந்தவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. “மேற்கு மண்டலத்துல நாற்காலி நல்லா விக்குது, அதானேம்மா? காலையிலேர்ந்து நீங்க ஏழாவது ஆள்” என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் திருப்போரூர் வரைக்கும் ரெஜினா அழுதாள்.

நான்காவது களத்துக்கு ஓலை வந்தது, அதாவது மின்னஞ்சல். சிறுசேரியில் ஒரு கம்பெனி. ஒன்றரை மாதம் கழித்து நேர்காணல். நீங்களே திரட்டிய தரவில் ஒரு டாஷ்போர்டு செய்து வரவேண்டும், கடைசிப் பதினான்கு நாள் நிலவரத்தை அதில் காட்டிப் பேசவேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. இதுவும் கைவிட்டுப் போனால் கடற்கரை ரிசார்ட்டில் வரவேற்பு மேசை வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக அத்தை சொல்லியிருந்தாள். அந்த வேலைக்கு என்ன குறை? ஒரு குறையுமில்லை. ஆனால் ரெஜினாவுக்கு அது வேண்டாம், எண்களைப் படமாக்குகிற வேலைதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

தரவுக்கு எங்கே போவது என்று மயங்கி, மறுநாள் வைகறையில் நான்கு குடங்களோடு தெருக்குழாய் முன்னே தவமிருந்தாள் தையல். ஐந்தரை ஆயிற்று, ஆறரை ஆயிற்று, ஏழரையும் ஆயிற்று. குழாய் மட்டும் உஸ்ஸென்று ஒருமுறை மூச்சு விட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனது. தெருவெல்லாம் குடங்களும் கோபமும் நிறைந்து, பெண்கள் வாயில் துரையின் பெயர் உருண்டுகொண்டிருந்த அந்த வேளையில், ஆகா, ரெஜினாவுக்குப் பொறி தட்டியது. இதோ தரவு! உலகத்தில் வேறெவனிடமும் இல்லாத தரவு!

துரை யாரென்று சொல்லாமல் விட்டால் பாவம். மேல்நிலைத் தொட்டியின் தனிப்பெருந் தலைவன். ஓராள் உயர இரும்புக் கம்பியால் வால்வைத் திருகி நீர்வரம் அருள்வோன். என்றைக்கு எப்போது அருள்வான் என்று வானிலை அறிக்கையாலும் சொல்லவொண்ணாத பஞ்சாயத்து ஆபரேட்டர். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தத் தெரு அவன் வால்வோசைக்குக் காது கொடுத்தே விழித்தது.

ரெஜினா நோட்டெடுத்தாள். தண்ணீர் வந்த மணி, நின்ற மணி, நிரம்பிய குடங்கள், நிரம்பாமல் வீடு திரும்பிய குடங்கள் என்று நாள்தோறும் குறித்தாள். மழையில் குறித்தாள், காய்ச்சலிலும் குறித்தாள். வரிசையில் நின்று ஐம்பது வினாக்களின் விடைகளையும் முணுமுணுத்தாள். தெருக்குழாயின் தளபதியும், முதற்குடம் எனதே என்று முழங்கும் முழுமதி முகத்தினளும், அணுபுரம் குடியிருப்பில் சமையல் வேலைக்குப் போகிறவளுமான சம்பூர்ணம் அதைப் பார்த்து, “பாவம், தண்ணிக்குன்னு கூட ஜெபம் பண்ணுது புள்ள” என்று உருகிப்போனாள்.

முப்பது நாள் முடிந்ததும் டாஷ்போர்டு எழுந்தது. அதன் அழகை என்னென்பேன்! தாமதமான நாட்கள் சிவந்தன, நேரத்துக்கு வந்த நாட்கள் பசேலென்றன. செவ்வாய்க்கிழமை என்று தட்டினால் ஐந்தரை. துரை அன்றைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் திருப்போரூர் முருகனைக் கும்பிடப் போகிறவன். திங்கட்கிழமை என்று தட்டினால் எட்டரை. ஞாயிற்றுக்கிழமைக் கறிசோற்றின் மகிமை. கோடு ஏறியது, இறங்கியது, மலைத்தொடராய் நெளிந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் என்ன, பகல் முழுக்கப் பேசலாம். ரெஜினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, திரையைப் பார்த்துப் பார்த்துத் தனியே சிரித்தாள்.

அங்கேதான் வினை புகுந்தது. ஐம்பது வினாக்களில் முப்பத்தெட்டாவதன் விடை, படத்தை யாருக்காகச் செய்கிறாயோ அவர்களிடம் முதலில் காட்டிப் பார் என்கிறது. கற்றபடி நிற்கும் கன்னியல்லவா! “துரை அண்ணன் தண்ணீர் திறந்த நேரம்” என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டுத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தெருவே பார்த்தது. பக்கத்துத் தெரு பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் பார்த்தார். கடைசியில் துரையும் பார்த்தான்.

மறுநாள் காலை இரும்புக் கம்பியைத் தோளில் சாய்த்து, கண்கள் கனல, குழாயடிக்கு நடந்து வந்தான் அவன். குடங்கள் தாமே ஒதுங்கி வழிவிட்டன என்பர் கண்டோர்.

“இன்னாம்மா ரெஜினா, எம்பேரைப் போட்டு செவப்பு செவப்பா பூசி வெச்சுகினு கீறே? எம்பொண்ணு ஸ்கூல்ல கூடக் காட்டிச் சிரிக்கிறாங்களாம். கேட்டுக்கோ. நாளையிலேர்ந்து ஆறரை. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆச்சுன்னா நான் துரையே இல்ல!”

சபதமா அது! சபதங்களுக்கெல்லாம் சபதம். மறுநாள் ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாளும் ஆறரை. திங்கட்கிழமையும் ஆறரை. செவ்வாய்க்கிழமை முருகனே காத்திருக்கட்டும் என்று ஆறரை. தெரு ஆனந்தக் கூத்தாடியது. ரெஜினாவும்தான் ஆடினாள், நான்கு நாள் வரை.

ஐந்தாம் நாள் மாலை டாஷ்போர்டைத் திறந்தவள் திகைத்து நின்றாள். அந்தோ, மலைத்தொடரைக் காணோம்! சிவப்பைக் காணோம்! இரும்புத் தண்டவாளம்போல் ஒரு நேர்கோடு கிடந்தது. எந்தக் கிழமையைத் தட்டினாலும் ஆறரை, எந்த வடிகட்டியைப் போட்டாலும் பச்சை. கம்பெனி கேட்பதோ கடைசிப் பதினான்கு நாள். பதினான்கும் இப்படியே போனால் அங்கே போய் எதைக் காட்டுவது, எதைப் பேசுவது? தெரு முழுக்கத் தண்ணீரில் மிதக்க, அவள் வேலை மட்டும் அதில் மூழ்கிக்கொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்தாள். பத்து நாள் போயும் கோடு அசையவில்லை. பதினோராம் நாள், மானத்தைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, தொட்டியடிக்குப் போய்த் துரையின் முன்னே நின்றாள்.

“அண்ணே, ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா வுடுங்கண்ணே. ஒரு நாள் ஏழே கால், ஒரு நாள் எட்டு. என் வேலைக்காகண்ணே.”

துரை கம்பியைக் கீழே வைத்தான். “இன்னாது? பன்னெண்டு வருஷமா லேட்டு லேட்டுன்னு ஏசினீங்க. இப்ப நேரத்துக்கு வுடறேன், அதுவும் தப்பா? உங்களுக்கெல்லாம் இன்னாதாம்மா வேணும்?”

இதற்கு ஐம்பது வினாக்களில் விடை இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பக்கமாய் வெறுங்குடத்தோடு வந்த சம்பூர்ணம் காதிலும் இது விழுந்துவிட்டது. இடுப்புக் குடத்தை வாளாய் உயர்த்தி அவள் முழங்கினாள்: “எவளாவது லேட்டா வுடச் சொன்னா குடத்தாலயே போடுவேன்! இப்பத்தான் நான் ஏழு மணிக்கு உக்காந்து நாஸ்தா துன்னுட்டு வேலைக்குப் போறேன். கண்ணாலம் ஆனதுலேர்ந்து இதான் மொத தபா, தெரிதா?” ரெஜினா வீடு வந்து சேர்ந்தாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை, தலைவிக்கும் தலைவியின் மனசுக்கும் இடையே மூண்டது மாபெரும் போர். ஒரே ஒரு கட்டத்தில் ஆறரையை அழித்து எட்டு பத்து என்று எழுதினால் போதும். சிறுசேரியில் இருப்பவருக்குக் கிறிஸ்துநாதர் தெருவில் தண்ணீர் வந்த நேரம் எப்படித் தெரியும்? எழுதியும் விட்டாள். கட்டம் சிவந்தது, கோடு நிமிர்ந்தது, படத்துக்கு உயிர் வந்தது. அப்புறம் தேதியைப் பார்த்தாள். அது புதன்கிழமை. அடைமழை கொட்ட, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சைக்கிள் சேற்றில் மாட்டியதும் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, துரை ஆறு இருபத்தொன்பதுக்கு வால்வைத் திறந்த நாள். அந்த மனுஷன் லேட் என்று எப்படி எழுதுவது? மனசு வரவில்லை. எழுதியதை அழித்து ஆறரை என்று திரும்பப் போட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.

பொழுது புலர்ந்தது. எலுமிச்சம்பழமும் வேதவசன ஸ்டிக்கரும் ஒருங்கே துலங்கும் முச்சக்கரத் தேரில் மகளை ஏற்றி, ஜெபக்குமார் பழைய மாமல்லபுரம் சாலையில் பறந்தார், வழிநெடுக, “ஹிஸ்டோகிராமுக்கும் பார் சார்ட்டுக்கும் இன்னா வித்தியாசம்?” என்று கத்திக்கொண்டே பறந்தார். குளிரூட்டிய கண்ணாடி மண்டபத்தில் மூவர் வீற்றிருந்தனர். நடுவில் இருந்தவர் ஸ்வாதி என்னும் தலைமை அதிகாரி. ஐம்பது வினாக்களில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார்.

“பதினாலு நாளும் ஒரே மாதிரி இருக்கே. ஏன்?”

கற்ற விடையெல்லாம் காற்றில் போக, வீராங்கனை உள்ளதை உள்ளபடி சொன்னாள். “படத்தை அவர் பாத்துட்டார் மேடம்.” அதற்கு முந்தின முப்பது நாளைத் திறந்து காட்டினாள். சிவந்த திங்களைக் காட்டினாள், முருகன் செவ்வாயைக் காட்டினாள், வாட்ஸ்அப்பில் போட்ட நாளைக் காட்டினாள். சபதத்தைச் சொன்னாள். பேச்சு சூட்டில், லேட்டாகத் தண்ணீர் விடச்சொல்லித் தானே கெஞ்சியதையும், குடத்தடி வாங்க இருந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஐயோ இதை ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூவரும் சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க அபார்ட்மென்ட்டுக்கு லாரித் தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அந்தத் துரையை ஒருதரம் அனுப்பி வைக்க முடியுமா?” என்று கேட்டார். மூன்றாம் நாள் வேலைக்கான உத்தரவு வந்தது.

வெற்றி! வெற்றி! ஜெபக்குமார் அந்தக் கடிதத்தை எழுத்தெழுத்தாய் இடறித் தெருவுக்கே படித்துக் காட்டினார். சம்பூர்ணம் குடத்தைத் தட்டி முரசறைந்தாள். ரெஜினா லட்டு டப்பாவோடு முதலில் போனது தொட்டியடிக்குத்தான். துரை லட்டை வாயில் போட்டுக்கொண்டு, யோசனையோடு கேட்டான்:

“அப்ப திங்கக்கெழமையிலேர்ந்து காலையில நீ கொழாயாண்ட நிக்க மாட்டியா?”

“இல்லண்ணே. ஆறே காலுக்குப் பூஞ்சேரியில கம்பெனி வண்டி.”

“நோட்டு?”

“நோட்டும் இல்லண்ணே, முடிஞ்சிது.”

அங்ஙனம், மூன்று தோல்வியின் மாசு துடைத்து, நான்காம் களத்தில் நற்புகழ் நாட்டி, தட்டைக் கோட்டால் தடைகளைத் தகர்த்து, புதுச் சுடிதாரும் புதுப் பையும் பொலிய, கழுத்தில் அடையாள அட்டை வெற்றி மாலையாய் ஆட, திங்கட்கிழமை இளங்காலையில், தந்தை கையசைக்கத் தெரு வாழ்த்தொலிக்க, கண்ணாடி பளபளக்கும் கம்பெனி வண்டியின் ஜன்னலோர இருக்கையில் ஏறி அமர்ந்து சிறுசேரி நோக்கி எழுந்தருளினாள் எங்கள் ஏந்திழை ரெஜினா.

அன்றைக்குத் தண்ணீர் எட்டே முக்காலுக்கு வந்தது.