மலையும் மாப்பிள்ளையும் ஒரே படத்தில்

"ஒரு கண்ணு தெரியுது. இன்னொரு கண்ணு தெரியல" என்றாள் ஜோதியம்மாள்.

மொட்டை மாடியில், பங்குனி வெயிலில், கோட்டு போட்டுக்கொண்டு நின்றிருந்த அவள் மகன் இளவரசன், இரண்டு கண்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இரண்டும் இருந்தன.

"எனக்கு ரெண்டும் தெரியுதும்மா."

"உனக்குத் தெரிஞ்சு இன்னாடா பண்றது. கேமராவுக்குத் தெரியணும்."

கேமரா வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அது வீட்டில் மூன்று பேரையும் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கத் தொடங்கியிருந்தது.

ஜோதியம்மாள் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறர் எழுதிய கோப்பில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். பிள்ளைக்கு முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை என்றதும் அந்தக் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு குறையைத் தேடினாள். ஜாதகத்தில் குறையில்லை. கூட்டுறவு வங்கி வேலையில் குறையில்லை. வேங்கிக்காலில் சொந்த வீடு, அதிலும் குறையில்லை. பையனிடமே ஏதும் இருக்குமோ என்றால், பெற்றவள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது போட்டோ.

தரகர் கன்னியம்மாளும் அதைத்தான் சொன்னாள். "போட்டோ பார்த்துட்டுப் பேசுறோம்ங்குறாங்க ஜோதிம்மா. பார்த்துடறாங்க. பேச மாட்டேங்குறாங்க."

அன்றைக்கே ஜோதியம்மாள் தேரடித் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அய்யூப்பைப் போய்ப் பார்த்தாள். ஒரு நல்ல போட்டோ எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனாள். ஆனால் அய்யூப்புக்கு ஒரு கேமராவின் மேல் வெகுநாளாக ஆசை. தன் காசில் வாங்கமுடியாத ஆசை. அது வேறொருவர் காசில் ஊருக்குள் வந்தால்கூடப் போதும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்த நேரத்தில் இவள் கடையேறினாள்.

"ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் மேடம். உள்ளே கண்ணாடியே கிடையாது. பொண்ணு வீட்டுக்காரங்க கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பாங்க, அவ்ளோ தத்ரூபமா இருக்கும்."

ஒரு மாதம் யூட்யூப்பில் ஆராய்ச்சி நடந்தது. ஒருவர் இந்தக் கம்பெனி என்றார், ஒருவர் அந்தக் கம்பெனி என்றார், இன்னொருவர் லென்ஸில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு பையன் மட்டும், இதை வாங்கினால் உங்கள் வாழ்க்கையே மாறிவிடும் என்றான். வாழ்க்கை மாறவேண்டிய அவசரத்தில் இருந்ததால் ஜோதியம்மாள் அதையே வாங்கினாள். மருமகளுக்கு வளையல் போட வைத்திருந்த பணம் அது. மருமகளே இல்லாதபோது வளையல் யாருக்கு என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

"கண்ணாடி இல்லாததுக்கே இவ்ளோ விலையா?" என்றார் அவள் கணவர் ராமதாஸ். "இருந்திருந்தா வீட்டைத்தான் எழுதிக் கொடுத்திருப்ப."

"ஃபுல் ஃப்ரேம்ங்க இது."

"அப்போ நம்ம கல்யாணத்துல எடுத்ததெல்லாம் அரை ஃப்ரேமா?"

இப்போது மாடியில் ஒரு கண் தெரிகிறது, ஒரு கண் மங்குகிறது. போனில் கூப்பிட்டால் அய்யூப் அதைப் பெருமையாகச் சொன்னார். "அதுதான் மேடம் அந்த லென்ஸோட அழகு. நம்பர் கம்மியா வெச்சா மூக்கு தெரியும், காது கரைஞ்சிடும்."

காது கரைந்தால் பரவாயில்லை, பெண்வீட்டார் காதைப் பார்த்துப் பெண் கொடுப்பதில்லை. ஆனால் பின்னால் நின்ற மலையும் கரைந்து போயிருந்தது. இந்த ஊர்ப் பையன் என்றால் பின்னால் மலை தெரியவேண்டும் என்பது ஜோதியம்மாளின் கொள்கை. மலை சாட்சி நிற்கும் படத்தைப் பார்த்து எந்தக் குடும்பமும் சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிடாது என்று அவள் நம்பினாள்.

மாடியில் மிளகாய் காயப்போட வந்த ராமதாஸ் எட்டிப் பார்த்தார். "உலகமே சுத்திக் கும்பிடுற மலை. அதைப் போய் லாரில கொட்டுன ஜல்லி மாதிரி ஆக்கிட்டியே ஜோதி."

கேமராவில் இன்னொரு வித்தை இருந்தது. ஆளின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும். அதை முடுக்கிவிட்டு அடுத்த படத்தை எடுத்தாள். வெயிலில் சின்னத் திரை சரியாகத் தெரியவில்லை. கண்ணைப் பிடித்துவிட்டதாகப் பச்சைக் கட்டம் மட்டும் தெரிந்தது. யாருடைய கண் என்று அவளும் விசாரிக்கவில்லை. சூட்டோடு சூடாகக் கன்னியம்மாளுக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் கன்னியம்மாள் கூப்பிட்டாள்.

"ஆரணிக்காரங்க பார்த்தாங்களாம் ஜோதிம்மா. முன்னாடி இருக்கிற பையன் சரியாத் தெரியலையாம். பின்னாடி துண்டு கட்டிக்கிட்டு மொளகா அள்ளுறவரு நல்லாத் தெரியிறாராம். அவருக்கும் பார்க்குறீங்களான்னு கேக்குறாங்க."

ராமதாஸ் அன்று இரவு கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

அடுத்த நாள் அவள் லென்ஸ் நம்பரை ஜாஸ்தி செய்தாள். இப்போது எல்லாமே தெரிந்தது. டிவியில் போட்டுப் பார்த்தார்கள். இளவரசனின் முகம் கூடத்துச் சுவரை நிறைத்தது. சவரம் செய்த கீறல், காதோரம் நாலு வெள்ளை முடி, பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது வந்த பருக்களின் பள்ளங்கள், ஒன்றுவிடாமல் வந்திருந்தன.

இளவரசன் தன் முகத்தைத் தானே முதல்முறை பார்ப்பவன்போல எழுந்து டிவிக்குக் கிட்டே போனான்.

"இந்தக் குழியெல்லாம் எப்போலேர்ந்து இருக்கும்மா?"

"அது கேமரா காட்டுறதுடா. நெஜமா இல்ல."

"நெஜமாத்தான் தத்ரூபமா காட்டும்னு அய்யூப் பாய் சொன்னாராமே."

அவன் மறுநாள் ஒரு கிரீம் வாங்கிவந்தான். பூசிய மூன்றாம் நாள் முகம் சிவந்து, தடித்து, மினுமினுத்தது. கைக்குட்டையால் மூக்குவரை மூடிக்கொண்டு வங்கிக்குப் போனான். வங்கியில் ஒருவர் பார்த்தால் போதாதா, மாப்பிள்ளைப் பையனுக்குத் தோல் வியாதி என்று வேங்கிக்கால் முழுக்கப் பேச்சு. பேசாமல் போகிற பெண்வீட்டார் இப்போது போன் எடுக்காமலே இருந்தார்கள்.

ஜோதியம்மாளுக்கு முதல் தடவையாக, போட்டோவைச் சரிசெய்யப் போய்ப் பையனையே கெடுத்து வைத்திருக்கிறோமே என்று இருந்தது. கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மெல்லச் சொன்னான்.

"விட்டுடலாம்மா. எனக்குப் பழகிடுச்சு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். பழகிவிட்டது என்றான். அதனால் விடமுடியவில்லை. முகம் தெளிகிறவரை பொறுத்திருந்து மறுபடி அய்யூப்பிடம் போனாள். மலையும் பெரிதாக வரவேண்டும், பையனும் தெளிவாக வரவேண்டும், பருவும் தெரியக்கூடாது. வழி உண்டா?

"உண்டு மேடம். நீங்க தூரமா போயிடணும்."

அய்யூப் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸை வாடகைக்குக் கொடுத்தார். எவ்வளவு தூரம் விலகிப்போய் எடுக்கிறோமோ, ஆளுக்குப் பின்னால் மலை அவ்வளவு பெரிதாக எழுந்து நிற்குமாம்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதை ஓரமாக இளவரசன் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் நின்றான். ஜோதியம்மாள் எதிர்ப்பக்கம் காலி மனைகளைக் கடந்து, அவன் விரல் அளவுக்குத் தெரிகிற தூரத்தில், முக்காலியில் கேமராவை மாட்டிக்கொண்டு நின்றாள். கத்தினால் கேட்காது. ஆகவே அவன் சட்டைப்பையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அசையாதே" என்றது சட்டைப்பை.

அவன் அசையவில்லை. காற்று அசைந்தது, வேட்டி அசைந்தது. அதற்காகவும் அவனையே திட்டினாள். மலை கம்பீரமாக வந்தது. பையன் முகம்தான் வங்கியில் கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற முகமாக இருந்தது. வெயில் கொஞ்சம் ஏறட்டும், மேகம் விலகட்டும் என்று அவனை அப்படியே நிற்க வைத்தாள்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் வேட்டி கட்டிய ஒருவன் ரோட்டோரம் அசையாமல் நின்றால் பஸ்ஸுக்கு நிற்கிறான் என்றுதான் நினைப்பார்கள். இந்த ஊரில் அப்படி இல்லை. மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவன் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா" என்றான் இளவரசன் உதட்டை அசைக்காமல். "ஒரு அம்மா வந்து என் காலாண்ட உக்காந்துட்டாங்க."

"நீ அசையாதே" என்றது அவன் நெஞ்சு.

வெள்ளைக்கார அம்மாள் சிலிர்த்துக் கண் திறந்தாள். பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த மணி என்பவரிடம், நிற்கிற சாமியாரின் உள்ளிருந்து வந்த வாக்கு என்ன என்று விசாரித்தாள். மணி பல வருடமாகச் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், இங்கிலீஷ் தடையில்லாமல் வரும். அசையாமல் இருக்கச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தார். அந்த அம்மாளின் கண் கலங்கியது. இதைக் கேட்கத்தான் இத்தனை கடல் தாண்டி வந்தேன் என்றாளாம். அதையும் மணி இளவரசனுக்கு மொழிபெயர்த்தார்.

மேலும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் வாழைப்பழம் வைத்தார்.

"யாருடா பழம் வெக்கிறது? காலை மறைக்குது, தள்ளி வெக்கச் சொல்லு" என்றது நெஞ்சு. மணி அதையும் மொழிபெயர்த்தார். பழம் பக்தியோடு நகர்த்தப்பட்டது.

இளவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் கண்மூடி இருப்பவர்களுக்காக அதை அடக்கினான். அடக்கிய சிரிப்பு கண்ணிலும் கன்னத்திலும் ஏறி நின்றது. லென்ஸ் வழியாக அதைப் பார்த்த ஜோதியம்மாள் ஒரு நிமிஷம் அமுக்க மறந்தாள். பிறகு அமுக்கினாள்.

முட்டிக்குமேல் வெட்டிப் பார்த்தால் பழமும் இல்லை, பக்தர்களும் இல்லை. மலை இருந்தது. அதன் முன்னால், பெற்றவளுக்கே புதிதாக, அழகான ஒரு பிள்ளை நின்றிருந்தான்.

ஸ்டூடியோவில் அய்யூப் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார், இதைச் சாதாரண போட்டோ மாதிரி வாட்ஸ்அப்பில் தள்ளினால் கசக்கிவிடும், கேமராவில் பதிந்தது பதிந்தபடி அந்தப் பெரிய ஒரிஜினல் ஃபைலாகவே போகவேண்டும் என்று. வீட்டுக்கு வந்து ஜோதியம்மாள் அப்படியே அனுப்பினாள். போய்ச் சேருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கிவிட்டது. தொடாமல், குறைக்காமல், வந்ததை வந்தபடியே பெண்வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று கன்னியம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பெண் போளூர். பெயர் கவிநிலா. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு நாள் சத்தமில்லை. ஜோதியம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கன்னியம்மாள் போன் செய்தாள்.

"பொண்ணே நேர்ல வந்து பார்க்கணும்ங்குது ஜோதிம்மா. நானும் எத்தினியோ ஜாதகம் பார்த்துட்டேன், இப்படி யாரும் கேட்டதில்ல."

ஜோதியம்மாள் போனை வைத்துவிட்டு ராமதாஸைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஃபுல் ஃப்ரேமும் இருந்தது, கண்ணாடி இல்லாததும் இருந்தது. அவர் எழுந்துபோய், தன் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்து வைத்தார்.

அந்த வாரம் முழுக்க அவளைப் பிடிக்கமுடியவில்லை. காய்கறி வாங்கப் போன இடத்தில்கூட, பிள்ளைக்குப் பெண் பார்க்கிறவர்கள் முதலில் கேமராவின் சென்ஸாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அய்யூப் தன் ஸ்டேட்டஸில் கைராசி என்று போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. இரு வீட்டாரும் தற்செயலாகச் சரியான நேரத்துக்கு வந்து, தற்செயலாகக் கும்பிட்டு, கிழக்கு கோபுரத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் தற்செயலாக ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். கவிநிலா, "வணக்கம் மேடம்" என்றாள். பிறகு இளவரசனும் அவளும் பக்கத்து மேஜைக்குப் போனார்கள். முதலில் இருவரும் காபி சொன்னார்கள். பிறகு அவன் ஏதோ சொன்னான். கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காபி ஆறிப்போகிறவரை சிரித்தாள்.

திரும்பி வந்தபோது கவிநிலா தன் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். லேசாகத்தான். ஜோதியம்மாளுக்கு அந்தத் தலையசைப்பு கோபுரத்தளவு தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும்மா" என்றாள். "போட்டோல எது புடிச்சு இவ்ளோ தூரம் வந்தீங்க? மலையா, சிரிப்பா? வெளிச்சம்கூடக் கரெக்டா விழுந்திருக்கும்."

கவிநிலாவின் அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் சாம்பார் வடையைப் பார்த்தார். கன்னியம்மாள் கை கழுவப் போய்விட்டாள்.

கவிநிலாதான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. எனக்கு வந்த மாப்பிள்ளை போட்டோ எல்லாத்தையும் பார்த்தேன், எல்லாரையும் வேண்டாம்னுட்டேன். உங்களுது ஒன்னுதான் என் போன்ல எவ்ளோ தட்டியும் கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல."