நாருக்குத் தடை போட்ட குழாய்க்காரர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

எங்கள் தெருக் குழாய்க்காரர் அடைப்பு எடுப்பதில் சூரர். அவர் சைக்கிள் மணி கேட்டாலே பாதிச் சாக்கடைகள் பயந்துபோய்த் தாமே திறந்துகொள்ளும். அப்பேர்ப்பட்டவரின் நாலு வயது மகளுக்கு அஞ்சு நாளாக வெளிக்குப் போகவில்லை. குழந்தை மூலையில் நின்று முக்கும். முகம் சிவக்கும். கடைசியில் வருவது அழுகை மட்டும்தான். அதைப் பார்த்து மனுஷனுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "கீரை, காய், பழம், நிறையத் தண்ணி. பாலையும் பிஸ்கட்டையும் குறைங்க. ரெண்டு நாள்ல போகலைன்னா கூட்டிட்டு வாங்க, பின்பக்கமா மருந்து வைக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் குழாய்க்காரர் குதித்தார்.

"கீரையா? இருபது வருஷமா அடைப்புக்குள்ள கை விடறேன். வெளிய வர்றது என்ன? நாரு! அதையா பிள்ளைக்குக் கொடுப்பேன்? பாலுன்னா வழவழன்னு வழுக்கிட்டுப் போகும். பிஸ்கட்டு மாவாக் கரையும்."

"அஞ்சு நாளா அதைத்தானே ஊத்துறீங்க? எங்க வழுக்குச்சு?" என்றாள் மனைவி.

"அளவு பத்தலை!"

"அது அவ வயிறுங்க. நீங்க தோண்டுற சாக்கடை இல்ல."

"ரெண்டும் குழாய்தான்டி! இனி என் பொண்ணு வாயில ஒரு நாரு போகக்கூடாது. இது என் உத்தரவு."

சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றார். அவளோ, "சரிங்க, தொழில் தெரிஞ்சவர் நீங்க" என்று அடங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அடங்கியதே இல்லை. அப்போதே மனுஷன் ஓடியிருக்க வேண்டும்.

மத்தியானம் அவர் தட்டில் மலைபோலக் கீரை, அவித்த பீன்ஸ், முழங்கை நீளத்துக்குப் பப்பாளித் துண்டு.

"எனக்கு எதுக்குடி?"

"வாங்கினது வீணாப்போகுமே. உங்களுது பெரிய குழாய், தாங்கும். அவ மட்டும் தொடாம பாத்துக்கங்க. நல்லா மிரட்டி வைங்க."

மிரட்டினார். கண்ணை உருட்டி, "தொடாதே! இது அப்பாவுக்கு மட்டும்!" என்று உறுமினார். கீரையைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்கிற பிள்ளை மெல்ல நகர்ந்து வந்தது. அவர் திரும்பி ஒரு ஈயை விரட்டினார். ஒரு பிடி கீரையைக் காணோம். தும்மினார், பப்பாளியில் பாதி போச்சு. டம்ளர் தண்ணீரும் காலி. துரத்திக்கொண்டு போனால் மேஜைக்கடியிலிருந்து 'களுக்'கென்று சிரிப்பு. அடுத்த மூணு வேளையும் இதே கூத்து.

"உன் பொண்ணு நாரா முழுங்கறாடி! அடைச்சு வெடிக்கப் போறா!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இன்னும் கொஞ்சம் பலமா மிரட்டுங்க" என்றாள்.

கெடு முடிகிற காலையில் கழிப்பறையிலிருந்து ஒரு கூவல்: "அம்மா! வந்துடுச்சு!"

குழாய்க்காரர் விழுந்தடித்து ஓடிப்போய் எட்டிப்பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் எதைப் பார்த்தும் அவருக்கு அப்படி ஆனந்தக் கண்ணீர் வந்ததில்லை. மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மனைவியிடம் வந்தார்.

"சரி, விடு. நாளையிலேர்ந்து எனக்குப் பழையபடி பொரிச்சது வறுத்ததாப் போடு. தழையைத் தின்னு தின்னு நாக்கே பச்சையாயிடுச்சு."

"டாக்டரம்மா ஆறு மாசம் விடாம கொடுக்கச் சொல்லியிருக்காங்க. உங்க தட்டுல இல்லாததை அவ எங்கேருந்து திருடுவா?"

இதை நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாள் காதில் விழுந்தால் நாளைக்கே எனக்கும் ஒரு தட்டுக் கீரை வந்து சேரும்.