சூமந்திர மாஸ்டரின் பெட்டி

குன்னத்தூரிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. திருப்பூர் நல்லூரில் ஓட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு பழைய தையல் மிசின் போட்டு ஆரம்பித்தேன். மழை ஒழுகினால் குடை மிசினுக்கு, நனைவது நான். துணி ரோல் விழுந்து இடது கால் பெருவிரல் நகம் போனபோதுகூட லீவு போட்டதில்லை. இன்று பனியன் நிட்டிங் என்னுடையது, தையல் என்னுடையது, காதர்பேட்டையில் கடையும் என்னுடையது. தொழில் நடக்கிற இடம் கோயில் என்று இன்றுவரை கம்பெனிக்குள் செருப்புப் போட்டதில்லை. இத்தனையும் கட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்: திருப்பூரில் துணியை வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். ஆளை வெட்டி ஒட்டவைத்தவர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் சூமந்திர மாஸ்டர்.

கோவில்பட்டிப் பக்கத்து ஆள். கட்டிங் மாஸ்டர். அளவு நாடாவைக் கேட்டால் நம் காதிலிருந்து உருவித் தருவார். ஒருமுறை சரக்கு வாங்க வந்த வடக்கத்தி பையர் ஒருவரிடம் சாம்பிள் பனியனை உதறிக் காட்டினார். உள்ளேயிருந்து புறா பறந்தது. பையர் பனியனை விட்டுவிட்டுப் புறாவுக்கு விலை கேட்டார்.

வெட்டுவது அவருக்கு வேலை என்றால், மேஜிக் சரித்திரம் பேசுவது மூச்சு.

"சீமையில மொதமொதல்ல ஒருத்தன் பொம்பளையப் பொட்டிக்குள்ள வச்சு அறுத்தப்ப, தியேட்டர் வாசல்ல ஆம்புலன்ஸ நிப்பாட்டி வச்சான் அண்ணாச்சி. ஆட்டம் முடிஞ்சதும் வாளி வாளியா செவப்புத் தண்ணியச் சாக்கடையில ஊத்துவான். எல்லாம் வெளம்பரம்!"

"நம்மூர்ல ஊத்திப் பாருங்க மாஸ்டரு. சாயப்பட்டறைன்னு சீல் வெச்சுட்டுப் போயிருவாங்க" என்றேன்.

"வங்காளத்து மேதை ஒருத்தரு சீமை டீவியில பொண்ண அறுத்தாரு. அவ எந்திரிக்கதுக்குள்ள நேரம் முடிஞ்சிட்டுன்னு நிப்பாட்டிட்டான். சனம் பூரா போனப் போட்டு, அந்தப் புள்ள பொழச்சிட்டாளான்னு கேட்டுச்சாம்லா!"

அந்தப் புள்ளை பிழைப்பதற்குள் எங்கள் கட்டிங் நின்று, தையல் லைன் நின்று, என் பிரஷர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மாஸ்டருக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. வாலிபத்தில் ஊர் ஊராகப் போகும் மேஜிக் குழுவில் பெட்டி தூக்கியவர் அவர். நானும் வித்தை காட்டுகிறேன் என்று கேட்டபோது குழுத் தலைவர், "நீ பொட்டி தூக்கத்தாம்ல லாயக்கு. ஒனக்காவ ஒருத்தனும் எந்திரிச்சு நிக்க மாட்டான்" என்றாராம். அதை என்னிடம் சொன்ன அன்று மாஸ்டர் யார் காதிலிருந்தும் எதையும் எடுக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு அவரே ஆளை அறுக்கிற பெட்டி செய்தார். கட்டிங் ஹாலில் மேடை. ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: தலை ஒருவருடையது, கால் வேறொருவருடையது. தலைக்கு அவர் சம்சாரம் செல்லத்தாய். காலுக்குப் பழகியிருந்த பெண்ணோ அக்காவுக்குப் பிரசவம் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். மாஸ்டர் என் ரூமுக்கு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்தப் பொட்டிக்குள்ள மடங்குத ஒசரம் நம்ம கம்பெனியில ஒங்களுக்குத்தான்."

நான் குள்ளம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் மனிதர்!

"ஏனுங்க மாஸ்டரு, இத்தனை பேருக்குச் சோறு போடறவன், கொலுசு மாட்டிக் காலை நீட்டறதுங்களா?"

"ஒருவாட்டி அண்ணாச்சி. ஒரே ஒரு ஆளாவது எந்திரிச்சு நிக்கட்டும்."

எனக்கும் ஒரு நூல் வியாபாரி, "நீயெல்லாம் மூட்டை தூக்கத்தான்" என்று சொல்லியிருந்தார். காலை நீட்டினேன். செல்லத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவப்பு நகப்பூச்சுப் பூசிவிட்டாள்.

துணி வெட்டும் மிசின் மாஸ்டர் கையில் உறுமியது. செல்லத்தாய் வீரிட்டாள். பெட்டி இரண்டானது. என் பாதியைத் தனியே தள்ளி, "காலை ஆட்டும்மா!" என்றார். ஆட்டினேன். கொலுசு குலுங்கியது. பிறகு சடசடவென்று நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்! பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த எனக்கு மாஸ்டர் மேலே தட்டி, "எந்திரிச்சிட்டாக அண்ணாச்சி!" என்று கிசுகிசுத்தது கேட்டது. அப்புறம்தான் கைதட்டல். ஓய்கிற வழியாகவே இல்லை.

மறுநாள் லைன் சூப்பர்வைசர் சரசு தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஓனருங்க, நாங்க வித்தைக்கு எந்திரிக்கலீங்க. உங்க காலைப் பாத்தமுங்க, தானா எந்திரிச்சுட்டமுங்க."

"பூச்சுப் பூசியிருந்ததே, எப்படிக் கண்டே கண்ணு?"

"நீங்க வந்தா நாங்க குனிஞ்ச தலை நிமிர்றதில்லீங்களே. உங்க மூஞ்சியைவிடக் காலுதானுங்க எங்களுக்குப் பழக்கம். நாலு விரலுக்குத்தானுங்க பூச்சு, அஞ்சாவதுல நகமே இல்லீங்க!"

"மாஸ்டர் காதுல போட்டுறாதே."

"போடுவமுங்களா? நேத்தே பேசி வெச்சுட்டமுங்க, யாரும் வாய் திறக்கறதில்லைன்னு."

ஒரு கம்பெனியே வாயை மூடிக்கொண்டது. மாஸ்டரும் சாகும்வரை நல்லூர் டீக்கடையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒருத்தரு பாக்கியில்ல, அம்புட்டுப் பேரும் எந்திரிச்சாக!"

போன கார்த்திகையில் மாஸ்டர் இறந்துபோனார். அவர் படத்தைக் கட்டிங் ஹாலில் மாட்டப் போகிறோம். கீழே எழுத வேண்டிய வாசகத்தைச் செல்லத்தாய் எழுதித் தந்தாள்: 'இவருக்காக ஒரு கம்பெனியே எழுந்து நின்றது.' அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டேன். எழுந்தது அவருக்காகத்தான் என்றே இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கால் என்னுடையது. கீழே பொடி எழுத்திலாவது என் பேர் வந்தாக வேண்டும்.