இருபத்து மூன்று டெசிபல்

சத்தம் அளக்கும் மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. டெசிபல் அதைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நாற்பத்தொன்றேதான்.

டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு, பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கணினிப் பத்திரிகை ஒன்றில், புதிதாக வரும் சாமான்களை வீட்டிலேயே சோதித்து எழுதுவது அவர் வேலை. போன மாதம் கணினிக்குள் சுற்றும் ஒரு காற்றாடியைச் சோதித்துவிட்டு, 'ஐம்பத்திரண்டு டெசிபல் சத்தம். வாங்குகிறவர்கள் காதுக்குப் பஞ்சும் சேர்த்து வாங்கவும்' என்று எழுதிவிட்டார். தயாரித்த கம்பெனிக்காரர்கள் கொதித்துப்போய் அலுவலகத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும் அதை ஓடவிட்டுக் காட்டினார்கள். பூனை நடந்த மாதிரி ஓடியது. சோதனையின்போது பதிவு செய்த ஒலியைப் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது காற்றாடியே இல்லை, பக்கத்து அறையில் படுத்திருந்த மாமனாரின் குறட்டை. அன்றிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவர் டெசிபல்தான்.

பத்திரிகை ஆசிரியை கறாரான பெண்மணி. திருத்தம் வெளியிட்ட கையோடு அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் பதினோரு வருஷமாக அவர் எழுதிவரும் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்த இன்னொரு தடவைதான் இப்போது மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

அது ஒரு கூலர். கணினியின் மூளையான ப்ராசஸர் வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்காக அதன் தலைமேல் இதை ஏற்றிவைக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கனம். தடித்த அகராதிகள் இரண்டை நிமிர்த்தி வைத்தாற்போலத் தகடு தகடாக இரண்டு கோபுரங்கள், அவற்றின் நடுவே ஒளிந்துகொண்டு ஒரே ஒரு காற்றாடி, எல்லாவற்றையும் மூடி மேலே ஒரு கறுப்புத் தொப்பி. வெப்பச் சோதனையை நேற்றே முடித்தாயிற்று. கூலர் பிரமாதமாகத் தேறிவிட்டது. பாக்கி இருந்தது சத்தம் மட்டும். இருபத்து நான்கு டெசிபலைத் தாண்டாது என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டெசிபலும் இந்தத் தடவை அலட்சியமாக இல்லை. வேறு காற்றாடியே இல்லாதபடி கணினியைப் பார்த்துப் பார்த்துக் கோத்திருந்தார். திரைகூட மெலிதாக ரீங்கரிக்கும் என்று அதையும் விசைப்பலகையையும் கழற்றி வைத்துவிட்டார். பொத்தானை அமுக்கினால் போதும், கணினி தானாகவே பெரிய பெரிய கணக்குகளாகப் போட்டுச் சூடேறும், காற்றாடி முழு வேகத்தில் சுற்றும். மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மாலை நான்கு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

நாற்பத்தொன்று என்று எழுதினால் கம்பெனிக்காரன் வந்து நிற்பான். அளக்காமல் இருபத்து நான்கு என்று எழுதினால் மனசாட்சி வந்து நிற்கும். டெசிபல் தலையை நிமிர்த்தினார். மேலே கூரை விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. திருடன் அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் அதை நிறுத்தினார். கூடத்து விசிறி, மாமனார் அறை விசிறி என்று வீட்டில் இருந்த அத்தனையையும் நிறுத்தினார்.

மாமனார் துண்டால் விசிறிக்கொண்டே வெளியே வந்தார். முப்பது வருஷம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தானே தவிர, அவர் சட்டைப்பையில் இருந்த ஸ்குரூ டிரைவர் இன்னும் வேலையில்தான் இருந்தது.

"கால் மணி நேரம் பொறுத்துக்குங்க மாமா. அளந்த உடனே ஃபேனைப் போட்டுடறேன்."

"என்னை விடுங்க மாப்பிள்ளை. வாசல் பெல்லை யோசிச்சீங்களா? நீங்க அளக்கிற நேரமாப் பார்த்து எவனாவது வந்து அமுக்கினா?"

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டே நிமிஷத்தில் பெல்லைக் கழற்றி மருமகன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். போன மாதம் நடந்ததில் அவருக்குத்தான் எல்லாரையும்விடச் சங்கடம். மருமகனுக்கு ஏதாவது செய்து ஈடுகட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் முப்பத்தேழுக்கு இறங்கியது. டெசிபல் பேனாவைத் திறந்தபோது மேல்தளத்தில் தட்தட்தட்டென்று யாரோ ஓடினார்கள். மாடி வீட்டுப் பல் டாக்டர்தான். விடுமுறை நாளானால் அவர் டிரெட்மில்லில் ஏறிவிடுவார். கணினியை நிறுத்திவிட்டு டெசிபல் மாடிக்குப் போனார்.

டாக்டர் தங்கமான மனிதர். இன்று முழுக்க ஓடமாட்டேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் சும்மா அனுப்பியிருக்கலாம். பேசும்போது டெசிபலின் கடைவாய்ப் பல் அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, அந்தப் பல்லின் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் எடுத்துச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கீழே வந்து கணினியை முடுக்கினார். அது மூன்று தடவை 'பீப்' என்றது. விசைப்பலகையைக் கழற்றி வைத்ததற்குக் கோபித்துக்கொள்கிறது என்று டெசிபல் அதைப் பொருட்படுத்தவில்லை. மீட்டரைப் பார்த்தார். நாற்பத்தாறு.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். எழுந்து மெல்ல நடந்தார். சத்தம் மாமனாரின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. போன மாதக் குறட்டை திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினார்.

மனைவி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். விசிறி நின்றதில் தாள்கள் பறக்கவில்லை என்பதால் அதுவரை கணவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அப்பாவை எழுப்பட்டுமா என்று அவர் கேட்டதும் வந்தது.

"எழுப்பினீங்கன்னா பாருங்க. திரும்பவும் குறட்டை விட்டு உங்க வேலையைக் கெடுத்துடுவோமோன்னு ஒரு மாசமா அவர் சரியாவே தூங்கல. இன்னைக்குத்தான் கண்ணசந்திருக்காரு."

நியாயம்தான். டெசிபலுக்குமே மாமனாரை நினைத்தால் பாவமாக இருந்தது. அதனால் எழுப்பாமல், மெத்தையை உருவிக்கொண்டு வந்து அவர் கதவுமேல் சாத்தினார். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தார். ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே சத்தம் இன்னும் ஒரு படி ஏறியது. மெத்தை போட்டால் குறட்டை கூடும் என்று அவர் எங்கும் படித்ததில்லை.

மற்ற சத்தங்களையாவது ஒழிக்கலாம் என்று ஃப்ரிட்ஜை அணைத்தார். அரை மணியில் உள்ளே பனி உருகி டொக் டொக் என்று சொட்டியது. அடியில் பாத்திரம் வைத்தார். டொக் என்றது டங் என்றானது. பாத்திரத்துக்குள் மனைவியின் பூந்துவாலையை மடித்துப் போட்டார். சொட்டு நின்றது. மனைவியின் பொறுமையும் நின்றது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றதால் அதன் பேட்டரியை உருவினார். கைபேசிகள் கிர்ரென்று அதிரும் என்பதால் இரண்டையும் அணைத்தார். தெருவில் போன மோட்டார் சைக்கிளுக்காக ஜன்னல்களைச் சாத்தி, மிச்சமிருந்த மெத்தைகளை அவற்றின்மேல் நிறுத்தினார்.

வீடு அடுப்பாகிவிட்டது. மனைவியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து ஒரு பிள்ளையின் விடை அழிந்துபோனது. பாவம் என்று அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டாள். மீட்டர் நாற்பத்தெட்டு காட்டியது. அடுத்த தாளும் நனைந்தபோது அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"நானே எழுப்பறேன். இதுக்கு மேல போனா, ஃபெயிலாக வேண்டியதெல்லாம் பாஸாயிடும்."

மெத்தையை நகர்த்திக் கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரம் கழித்து, குளித்துவிட்டு வந்தவர்போல வேர்த்து வழிய மாமனார் வெளியே வந்தார். டெசிபலுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. குறட்டை என்ற சொல்லை வாயில் எடுக்காமல், மாடியில் டாக்டர் தனியாக இருக்கிறார், அங்கே விசிறியும் ஓடுகிறது, போய்ப் பேசிக்கொண்டிருக்கலாமே என்று சுற்றி வளைத்துச் சொன்னார். மாமனார் மருமகன் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். உள்ளே போய்த் தலையணையையும் ஒரு துண்டு மூட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அதன் பிறகு வந்தது பாருங்கள் ஒரு நிசப்தம். டெசிபல் மேஜைமுன் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டார். மீட்டர் முப்பதுக்கு வந்தது, இருபத்தாறுக்கு வந்தது, கடைசியில் இருபத்து மூன்றில் நின்றது. கம்பெனிக்காரனே சொல்லத் துணியாத அளவு. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் இருபத்து மூன்று. ஆக, எல்லாம் மாமனார் மூக்கு செய்த வேலை.

நாலாவது முறை அளக்கையில் மீட்டர் எழுபத்தொன்றுக்கு எகிறியது. யாரோ வாசல் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்தால் பத்திரிகை ஆசிரியை நின்றார். நான்கு மணி எப்போதோ தாண்டியிருந்தது. கட்டுரை வரவில்லை, கைபேசி எடுக்கவில்லை, பெல் அடிக்கவில்லை. ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று பாதிப் பயத்திலும், பக்கத்தை இன்றோடு பறித்துவிடுவது என்று பாதிக் கோபத்திலும் நேரிலேயே வந்துவிட்டார். உள்ளே வந்தவர் ஜன்னலெல்லாம் மெத்தை நிற்பதைப் பார்த்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வுத்தாளால் விசிறிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"என்ன சார் நடக்குது இங்க?"

டெசிபல் உதட்டின்மேல் விரலை வைத்தார். அந்த அம்மாளிடம் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த அதிர்ச்சியிலேயே அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். டெசிபல் கணினியைக் காட்டி, ஓடிக்கொண்டிருப்பதற்கு அடையாளமாக எரியும் பச்சை விளக்கைக் காட்டி, மீட்டரைக் காட்டினார். ஆசிரியை பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார். மறு காதையும் வைத்துக் கேட்டார்.

"சுத்துதா இது?"

"முழு வேகத்துல, மேடம்."

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லையே. நான் இந்த மாதிரி கேட்டதே இல்லை."

பிறகு நடந்ததெல்லாம் கனவு மாதிரி இருந்தது. ஆசிரியை அங்கேயே உட்கார்ந்து, டெசிபல் சொல்லச் சொல்லக் கட்டுரையைத் தம் கைபேசியில் தாமே தட்டினார். 'சுற்றுவதே தெரியாத காற்றாடி' என்று தலைப்பையும் அவரே வைத்தார். அலுவலகத்துக்கு அனுப்பிய பத்தாவது நிமிஷம் அது பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. போன மாத விவகாரத்தை மறந்துவிடலாம் என்றும், இவ்வளவு பாடுபட்டுச் சோதிக்கிற ஆளை விட்டுவிட்டு வேறு யாருக்குப் பக்கத்தைக் கொடுப்பது என்றும் சொன்னார்.

டெசிபலுக்குக் கண் கலங்கிவிட்டது. கணினியை அணைத்தார். எழுந்து போய் வீட்டிலுள்ள விசிறிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டார். மனைவியின் தாள்கள் கூடமெங்கும் பறந்தன. அவளும் சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். மாமாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், இனிமேல் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் குறட்டை விடட்டும் என்று டெசிபல் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மாமனார் படியிறங்கி வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே பல் டாக்டரும் கொட்டாவி விட்டபடி வந்தார். மாமனாரின் கண்கள் மிளகாய்போலச் சிவந்திருந்தன.

டெசிபல் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், ஆசிரியைக்கு அவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனநிலையில் இருந்தார். எழுந்து கும்பிட்டு, மருமகனுக்காக மாடி ஏறிப் போய்த் தூங்கிவிட்டு வந்த பெரிய மனசைப் பாராட்டி, தூக்கம் எப்படி என்று மரியாதையாக விசாரித்தார்.

மாமனார் பெருமூச்சு விட்டார். கக்கத்திலிருந்த துண்டு மூட்டையை மேஜைமேல், கணினிப் பக்கத்தில் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

"நான் எங்கம்மா தூங்கினேன்? மாப்பிள்ளை மாடிக்குப் போன நேரம் வெக்கை தாங்காம, அந்தப் பெட்டிக்குள்ள இருந்த இந்த ஃபேனைக் கழட்டி, பழைய டார்ச் சார்ஜர்ல மாட்டி, வெக்கை ஏற ஏற வேகத்தைக் கூட்டித் தலைமாட்டுல வச்சேன்; காத்து நல்லாத்தான் வருது, ஆனா அப்பலேருந்து இது போடுற உர்ருங்கிற சத்தத்துல, மாடியில டாக்டரும் தூங்கல, நானும் தூங்கல."