போனுக்கு ஒரு கருணை மனு

எந்தப் பூட்டையும் ஒரு முழுநீளத் தாளும் 'ஐயா' என்ற ஒரு சொல்லும் திறந்துவிடும் என்று நம்புகிற ஒரே மனிதர், எங்கள் உத்திரமேரூர் மனு நைனாதான். பஸ் ஸ்டாண்டு ஓரம் மடக்கு மேசை போட்டு, சகல ஆபீசுக்கும் நாற்பது வருஷமாக மனு எழுதித் தருகிறார். அவர் சொந்தப் பெயர் வீட்டுக்காரம்மாவுக்கே மறந்திருக்கும்.

போன வருஷம் அமெரிக்காவில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியை வீடியோவில் பார்க்க என் மனைவி துடித்தாள். எங்களிடம் இருந்ததோ பட்டன் போன். மகள் தன் பழைய போனை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். நம்ம ஊர் சிம்மைப் போட்டால், "செல்லாது" என்றது. அந்த ஊர் கம்பெனி, தன் சிம்மைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாதபடி பூட்டி வைத்திருக்கிறதாம். காசு கொடுத்து வாங்கிய போனுக்கு என்ன கொழுப்பு பாருங்கள்!

பஜார் கடைக்காரர், "ஒடைச்சிப் பாக்கறேன் சார். போன் செத்துப் பூட்ச்சின்னா நான் பொறுப்பில்ல" என்றார். பயந்து வெளியே வந்தவனை மனு நைனா மடக்கினார்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சொன்னேன்.

"அவ்ளோதானா? சர்வே நம்பர் இன்னா?"

"நைனா, இது போன்!"

"போனுக்கு ஒரு நம்பர் கீதுல்ல, அதான். பட்டா யார் பேர்ல கீது? வில்லங்கம் எதுனா கீதா?"

சிரித்துவிட்டேன். மறுநாள் மகளிடம் கேட்டால், பட்டா மாப்பிள்ளை பெயரில். வில்லங்கம், இரண்டு தவணை பாக்கி! மாப்பிள்ளை உடனே கட்டிவிட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லி கம்பெனிக்கு விண்ணப்பித்தார். 'தகுதி இல்லை' என்று பதில் வந்தது.

"கொயந்த நடக்க ஆரம்பிச்சப்புறம் மூஞ்சியக் காட்டுவீங்களா?" என்றாள் மனைவி. மானம் போயிற்று. நைனாவிடமே ஓடினேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். 'கருணையுள்ளம் கொண்ட ஐயா, பேத்தி முகம் காணாமல் அன்னம் இறங்காத ஒரு பாட்டியின் பணிவான மனு.' (அன்று காலை அந்தப் பாட்டி ஆறு இட்லி சாப்பிட்டிருந்தாள்.) இணைப்பு: ரேஷன் கார்டு நகல். நகல்: அமெரிக்க ஜனாதிபதி.

"ஜனாதிபதி எதுக்கு நைனா?"

"நகல் போட்டாத்தான் சார் பயப்புடுவானுங்கோ."

தலையெழுத்தே என்று மாப்பிள்ளை அதைத் தன் பெயரில் மெயிலில் அனுப்பினார். பதில் இல்லை. நினைவூட்டல் மனு போனது. மறு நினைவூட்டலும் போனது. ஒன்றரை மாதம் கழித்து, பதிலும் வந்தது, பூட்டும் திறந்தது!

திரையில் பேத்தி கொட்டாவி விட்டாள். என் மனைவி அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

கம்பெனியின் பதிலை அச்செடுத்துக்கொண்டு போய் நைனாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற இடத்தில் கையைப் பிடித்தார்.

"இன்னொரு வாட்டி படி சார்."

படித்தேன்.

"நாப்பது வருஷமா எய்திக்கினு கீறேன். வருந்துறோம்னு ஒருத்தனும் எனக்குப் பதில் போட்டதில்ல சார்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அந்தத் தாள் லேமினேஷனாகி மேசைக்கு மேலே தொங்குகிறது. மனு எழுத வருகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

அந்தப் பதிலை எழுதியது மனுஷனே இல்லை, மெஷின், எல்லாருக்கும் அதே வரிதான் போகும் என்கிறார் மாப்பிள்ளை. இருக்கட்டும். என் பேத்தி முகத்தைக் காட்டிய மனுஷனிடம் அதை நான் எந்த வாயால் சொல்வேன்?