சத்தம் வந்தால் மாற்றலாம்

கார் வைத்திருப்பவர்களில் பல இனங்கள் உண்டு. கதவில் ஒரு கீறல் விழுந்தால் அன்று முழுக்கச் சாப்பிடாதவர், பின் ஸீட்டில் யாராவது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் கண்ணாடி வழியாக முறைப்பவர், தன் வண்டிக்கு மட்டும் பெட்ரோலே ஆவதில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் சாதிப்பவர். இவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. நான் இங்கே உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது வேறோர் இனம். ‘சத்தம் வரட்டும், பாத்துக்கலாம்’ இனம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் தெருவில் ஒருவர் காரின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தால் அவரேதான். பக்கத்தில் போய், “என்ன சார் கேக்குது?” என்று விசாரித்துப் பாருங்கள். “ஒண்ணும் கேக்கலை. அதான் வேணும்” என்பார். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, மாத்திரை சாப்பிட்டு முடித்த திருப்தியோடு வீட்டுக்குள் போவார்.

உலகத்தில் எந்தக் கோளாறும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும் என்பது இவருடைய நம்பிக்கை. குழாய் சொட்டினால் மாற்றமாட்டார், ஒழுகட்டும் என்பார். ஒழுகினால் வாளி வைப்பார். அடுப்புக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்துப் பாளம் பாளமாகத் தெரிந்தாலும், “வாசனை வருதா? வரலைல்ல? விடு” என்பார். பல் வலித்தால் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிடுவார். இன்னொரு பக்கம் எதற்காக இருக்கிறதாம்?

என்னுடைய அத்தான் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. அக்காவின் கணவர் என்பதால் பல வருஷமாக மிக அருகில் இருந்து ஆராயும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. தங்கமான மனிதர். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

அவருடைய காரில் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருந்தது. அது என்ன என்று தெரியாதவர்களுக்காக: எஞ்சினின் மேல்மாடியில் சிலர் திறந்து மூடும் வேலை பார்க்கிறார்கள், கீழ்மாடியில் சிலர் ஏறி இறங்கும் வேலை பார்க்கிறார்கள். மேலே இருப்பவர் கீழே தலை நீட்டும் நேரம் பார்த்துக் கீழே இருப்பவர் மேலே வந்துவிட்டால் மண்டை உடையும். அப்படி ஆகாமல் இரண்டு பேரையும் ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருப்பது, பல் வைத்த ஒரு ரப்பர்ப் பட்டை. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் அல்லது இத்தனை வருஷம் ஆனால், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடு என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. இதில் ஒரு சிக்கல். அந்தப் பட்டை பெரும்பாலும் முனகாது, கனைக்காது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அறுந்துவிடும்.

சில வண்டிகளில் ரப்பருக்குப் பதிலாக இரும்புச் செயின் இருக்கும். அது பாவம், தேய்ந்துபோனால் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கலகலவென்று சொல்லவும் செய்யும். அத்தானின் அலுவலக நண்பர் ஒருவரிடம் செயின் வண்டி இருக்கிறது. “செயின் ஆயுசுக்கும் வரும்” என்று மேஜையைத் தட்டிச் சொல்வார். எஞ்சின் ஆயிலை மாற்றுவதுகூட அவருக்கு அநாவசியம். ஒரு நாள் அந்தக் கலகல வந்தேவிட்டது. என்ன செய்தார் என்கிறீர்கள்? ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தார். ஆக, சத்தம் வந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

அத்தானையும் மெக்கானிக்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். மெக்கானிக் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருடைய ஸ்கூட்டருக்கு பிரேக் கிடையாது. காலைத் தேய்த்துத்தான் நிறுத்துவார்.

“பெல்ட்டை மாத்திடலாம் சார்.”

“ஏன், சத்தம் வருதா?”

“சத்தமெல்லாம் வராது சார்.”

“அப்புறம் என்ன?”

“அதனாலதான் மாத்தணும்ங்கறேன்.”

“கழட்டிப் பாத்தா தெரியுமா?”

“பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்.”

“நல்லா இருக்கறதை எதுக்குப்பா மாத்தணும்?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அவருடைய ஸ்கூட்டரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தான், “மெக்கானிக்கே சொல்லிட்டான், நல்லாத்தான் இருக்காம்” என்று அக்காவிடம் அறிவித்தார். “ஒரு பெல்ட்டுன்னுதான் ஆரம்பிப்பாங்க. கூடவே வாட்டர் பம்பு, டென்ஷனர்னு சொந்தக்காரங்களையெல்லாம் இழுத்துட்டு வந்துடுவாங்க.”

அதற்காக அவர் புத்தகத்தை மதிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தார். இந்த இனத்துக்கே உரிய முறையில் பாதி படித்தார். கிலோமீட்டர் பாதியை ஒப்புக்கொண்டார். வருஷம் பாதியை, “நிக்கிற வண்டிக்கு எப்படி வயசாகும்?” என்று தள்ளிவிட்டார். ரப்பருக்கு நின்றாலும் வயசாகும், உட்கார்ந்தாலும் வயசாகும், நமக்கு ஆகிறதே அதுபோல என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நீ பாங்க்ல வேலை பாக்கறே, உனக்கு எஞ்சின் பத்தி என்ன தெரியும்?” என்றார். அவர் வேலை பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்தில்.

அன்றிலிருந்து அத்தான் கிலோமீட்டரைச் சேமிக்க ஆரம்பித்தார். ஆம், சேமிக்க. அலுவலகத்துக்கு பஸ்ஸில் போனார். காய்கறி வாங்க நடந்தார். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள், வீட்டில் கார் நிழலில் ஓய்வெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் குளிப்பாட்டித் துடைத்து, மீட்டரை எட்டிப் பார்த்து, “இன்னும் நிறைய இருக்கு” என்று மகிழ்ந்தார். காருக்காக ஒரு குடும்பமே நடந்த காட்சியை நான் அங்கேதான் பார்த்தேன்.

அக்கா ஆரம்பத்தில் இதற்கெல்லாம் சத்தம் போட்டவள்தான். கல்யாணமான புதிதில் அந்தச் சொட்டும் குழாய்க்காக அவள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தே விட்டார். போகப் போகக் குறைந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. “உங்கக்கா இப்பல்லாம் ரொம்பப் பக்குவமாயிட்டா மாப்ளே” என்று அத்தான் என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

இப்படி இருக்கையில் பாப்பாவுக்கு வெளியூரில் இன்டர்வியூ வந்தது. பாப்பா என்பது அவர்கள் மகள். படிப்பை முடித்து, ஒன்றரை வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்து, வேலைக்குப் போகும் வயதுக்கு வந்தும் வீட்டில் பாப்பாதான். அவள் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

“ரயில்ல போயிடலாங்க” என்றாள் அக்கா.

“ரயிலா? எதுக்கு? இதுக்குத்தானே இத்தனை நாளா சேத்து வெச்சிருக்கேன்!”

அதைச் சொல்லும்போது அவர் முகம் பூரித்திருந்தது. எனக்குமே நெஞ்சு இளகிவிட்டது. மகளுக்காகக் கிலோமீட்டர் சேர்த்து வைத்த தகப்பன் வேறெங்கே கிடைப்பான்? துணைக்கு நானும் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டேன்.

வண்டி பிரமாதமாகப் போயிற்று. “கேளு, கேளு. ஏதாவது கேக்குதா?” என்று அவர் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மேட்டில் ஏறும்போது, இன்னும் கொஞ்சம் ஒன்றும் கேட்காமல் போயிற்று. எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி வந்த வேகத்தில் உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

அத்தான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் விர்ரென்று சுற்றியது, கிளம்பவில்லை.

“பாத்தியா மாப்ளே, எவ்வளவு லேசா சுத்துது!”

“பிடிச்சு வெச்சிருந்தது அறுந்துட்டா லேசாத்தான் சுத்தும் அத்தான்.”

இரண்டாம் முறை திருப்பப்போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்தில், வயதில் பெரியவர் என்பதையும் மறந்து கையைக் கொஞ்சம் அழுத்தியேதான் பிடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. இறங்கி, மூடியைத் தூக்கி, தலையைச் சாய்த்து நின்றார். “சத்தமே வரலையே” என்றார். கார் ஒப்பந்தத்தை மீறிவிட்டதைப் போலிருந்தது குரல். “சத்தமே வராம எப்படி நிக்கும்?”

பின் ஸீட்டில் பாப்பா அழ ஆரம்பித்தாள். அக்கா அழவில்லை, கத்தவில்லை. மகளின் சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டாள். இறங்கிச் சாலையோரம் போய்க் கை நீட்டினாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது.

“எங்கம்மா போகணும்?”

“பொண்ணுக்கு இன்டர்வியூப்பா. முடியறதுக்குள்ள கொண்டுபோய் விட முடியுமா?”

“ஏறுங்கம்மா, பாத்துக்கலாம்.”

ஏறுவதற்கு முன் அக்கா என்னைப் பார்த்து, “நீ அத்தானோட இரு. தண்ணி பாட்டில் பின்னால இருக்கு” என்றாள். அவ்வளவுதான். வேன் போய்விட்டது.

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பெரிய மனசு உங்கக்காவுக்கு. ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை பாத்தியா?”

எனக்குப் பயம் வந்தது. நான் அவளுடைய தம்பி. சின்ன வயதில் அவளிடம் அடி வாங்கியவன். அவள் அடித்த நாட்களில் நான் பயந்ததில்லை.

வேன்காரர் புண்ணியத்தில் பாப்பா போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லோரையும் கேட்டு முடித்து எழுந்திருக்கப்போனவர்கள், தலையெல்லாம் தூசியோடு ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்களாம். வேலையும் கிடைத்துவிட்டது. பாப்பாவுக்கு அந்த ஊரில் வீடு பார்த்து அமர்த்திக் கொடுப்பதற்காக அக்கா கூடவே போனாள். ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு.

இங்கே கார் எஞ்சினை இரண்டாகப் பிளந்து, வளைந்துபோன மேல்மாடி வால்வுகளை எடுத்துப் போட்டு, புதுசு போட்டார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வாட்டர் பம்பும் வந்தது. அத்தான் இப்போது பெல்ட் பிரசாரகர். லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட, “உங்க வண்டி பெல்ட்டா, செயினா? காலாகாலத்துல மாத்திடுங்க சார். சத்தம் வரட்டும்னு மட்டும் இருந்துடாதீங்க” என்கிறார். திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வாரம் என்று போன அக்கா மாதக்கணக்காகியும் வரவில்லை.

“அக்கா எப்ப அத்தான் வர்றா?”

“வருவா, என்ன அவசரம்? சண்டை போட்டுட்டா போனா? தினமும் போன்ல பேசறோம். நல்லாத்தான் பேசறா. ஒரு குறை சொல்றதில்லை. கோவமா இருந்தா எனக்குத் தெரியாதா?”

போன வாரம் அக்கா எனக்கு போன் செய்தாள். அந்த ஊரில் ஒரு கடைக்குத் துணி தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறாளாம். “அடுத்த தடவை வரும்போது என் தையல் மெஷினைக் கொண்டாந்துடுடா” என்றாள். 

மெஷினை எடுக்கப் போனேன். அத்தானே முன்னால் வந்து ஒரு பக்கம் தூக்கினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கிறீச்சென்றது. ஓடிப்போய் எண்ணெய் கொண்டுவந்து, ஒவ்வொரு துளையிலும் சொட்டு விட்டு, சத்தம் அடங்கும்வரை சுற்றினார். பிறகு பழைய போர்வையில் சுற்றி, பத்திரமாக காரின் பின்னால் ஏற்றி வைத்தார்.

“பாவம், பொழுது போகலை போலிருக்கு அவளுக்கு” என்றார்.

சிரிக்கிறீர்கள். தெரியும். உங்களுடையது செயின் வண்டி, அல்லது பெல்ட்டைப் போன மாதம்தான் மாற்றினீர்கள், அல்லது உங்களிடம் காரே இல்லை. ரொம்ப நல்லது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து யாராவது உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களா? அப்படியானால் பிழைத்தீர்கள், நிதானமாக அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். ஒரு சத்தமும் இல்லையா? கொஞ்ச நாளாகவே இல்லையா? அட, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே எழுந்து போங்கள் ஐயா!