சிவப்பு அட்டை தொங்கும் கம்ப்யூட்டர்

உலகத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வேலையை 'முறையாகச்' செய்பவர்கள். இவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையிலிருந்து மாலை வரை ஓயாமல் உழைப்பார்கள், வேர்வை சொட்டும், சாப்பாடு ஆறிப்போகும். வேலை மட்டும் இன்னும் ஆரம்பித்திருக்காது.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள். சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? அடிப்போம். அவர் முதலில் சுவரை நான்கு இடத்தில் தட்டிக் காது வைத்துக் கேட்டு, பென்சிலால் கோடு போட்டு, கோடு சாய்ந்திருப்பதாகச் சந்தேகப்பட்டு அழித்து, வீட்டில் இருக்கும் ஆணி தரமில்லை என்று மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, சுத்தியலின் பிடி ஆடுவதைக் கண்டுபிடித்து அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு வருவார். அதற்குள் டிசம்பர் வந்துவிடும். புதுக் காலண்டரே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் பிளாக்கில் இந்த இனத்துக்கு ராஜ்மோகன் சார்தான் தலைவர். அவர் மேல் வீடு, நான் கீழ் வீடு. அனல்மின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு மே மாதம் ஓய்வு பெற்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டி வைத்திருக்கும் சொந்த வீட்டுக்குக் குடிபோக வேண்டும். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் திலகவதி அம்மாள் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார். ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மட்டும் அசையவில்லை.

அது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டர். அதில் வைரஸ் வராது என்று யாரோ சொல்லப்போய், பதினைந்து வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர் சார். வயதாகிவிட்டதால் உள்ளேயிருந்து கடக் கடக்கென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. மகள் தேவயானி விண்டோஸ் போட்ட லேப்டாப் ஒன்றை அனுப்பி, படம், வீடியோ எல்லாவற்றையும் இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்லியிருந்தாள். அரை நாள் வேலை. யாருக்கு? உங்களுக்கும் எனக்கும்.

முதல் நாளே விண்டோஸ் அவரை அவமானப்படுத்தியது. சார் தன் படங்களுக்கெல்லாம் ஷிப்ட் நோட்டில் எழுதுவதுபோலத் தேதியும் மணியும்தான் பெயராக வைப்பார். காலை ஆறே கால் என்றால் ஆறு, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, பதினைந்து. லினக்ஸ் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. விண்டோஸோ பெயரில் அந்த இரண்டு புள்ளி இருந்தால் உள்ளே விட மாட்டேன் என்றது. சரி, ஹார்ட் டிஸ்கையே கழற்றி லேப்டாப்பில் சொருகலாம் என்று பார்த்தார். விண்டோஸுக்கு லினக்ஸ் டிஸ்கைப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற திலகவதி அம்மாள், கேட்கிறதே பாவம், ஆமாம் என்று அழுத்திவிடலாமா என்று கையை நீட்டினார். அழுத்தியிருந்தால் பதினைந்து வருடமும் துடைத்துக்கொண்டு போயிருக்கும்.

அன்றைக்கு மாட்டினார் சிவப்பு அட்டை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின் நிலையத்தில் ஒரு மோட்டாரைப் பழுது பார்க்கப் போகிறவர், அதன் சுவிட்சை அணைத்து, 'இயக்காதே, ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் போவார். மாட்டியவர்தான் கழற்றலாம். மேலதிகாரியே வந்தாலும் கை வைக்க மாட்டார். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஊரில் பிள்ளைகள்கூட சிவப்பு அட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அப்படியொரு அட்டை டிஸ்க் திரும்பப் பொருத்தப்பட்ட கம்ப்யூட்டரின் கழுத்தில் ஏறிய பிறகு, அந்த வீட்டில் அதைத் தூசி தட்டக்கூட யாரும் நெருங்கவில்லை.

பிறகு சார் திட்டம் போட்டார். ஒன்றாம் கட்டம், கோப்புகளைக் கணக்கெடுப்பது. இரண்டாம் கட்டம், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நோட்டில் டிக் போடுவது. மூன்று, இரட்டைப் படங்களை நீக்குவது. நான்கு, பெயர் மாற்றுவது. ஐந்தாம் கட்டம்தான் லேப்டாப்புக்கு மாற்றுவது. எதிர்வீட்டு ஜெயகணேஷ் இதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரு பென் டிரைவில் போட்டுவிடுங்கள் சார், டிஸ்க் சாகக் கிடக்கிறது, பிரித்து அடுக்குவதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

"குப்பையை அப்படியே அள்ளிக்கிட்டுப் போறதுக்குப் பேரு டிரான்ஸ்பரா ஜெயகணேஷ்?" என்றார் சார். "எதையும் முறையா செய்யணும்."

ஜெயகணேஷ் அதற்குப் பிறகு மாடிப் பக்கம் வரவில்லை.

திலகவதி அம்மாளுக்கு கணக்கெடுப்பில் வந்த பதினோராயிரம் கோப்பும் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும். தேவயானியின் மஞ்சள் நீராட்டு விழாவில், தாய்மாமன் செங்குட்டுவன் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேளத்துக்கு ஆடி வரும் வீடியோ. நாற்பத்தேழு வினாடி. பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருந்த அந்தத் தம்பி ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். போட்டோக்கள் இருக்கின்றன. அசைகிற தம்பி இது ஒன்றில்தான்.

"அத்த மட்டும் என் போனுக்கு அனுப்பி வுடுங்க," என்று அந்த அம்மாள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

"வாட்ஸ்அப்புல அனுப்பினா குவாலிட்டி போயிடும் திலகா," என்பார் சார். "ஒரிஜினலாவே தரேன். அஞ்சாம் கட்டத்துல."

ஜூலை முழுவதும் இரண்டாம் கட்டம் நடந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறப்பார், உதட்டைப் பிதுக்குவார், டிக் போடுவார். டிஸ்க் கடக் கடக்கென்று தன்னால் முடிந்தவரை எச்சரித்துப் பார்த்தது. சத்தம் அதிகமாகிறதே என்று நான் கேட்டதற்கு, சத்தத்தைத் தனிப் பட்டியலில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சத்தம் நின்றது. திரையும் நின்றது. சார் ஜெயகணேஷைக் கூப்பிட்டார், அட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பண்ருட்டிக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொண்டு போனார், கடைக்காரர் சென்னைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் கட்டத்தில் டிக் போட்டவை எட்டாயிரத்துச் சொச்சம். புது லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தவை பூஜ்யம். கரண்ட் போய்விட்டது என்று பழி போடவும் வழியில்லை. கரண்ட் தயாரிக்கிற ஊர் இது.

நான் சிரிப்பதற்குத்தான் மாடி ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏறிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சார் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "உன் தம்பி போயிட்டான் திலகா, நான்தான் விட்டுட்டேன்," என்றார். அவர் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

திலகவதி அம்மாள் உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தார். ஜூலையில் ஒரு நாள், டிக் போடும் வேலையில் செங்குட்டுவன் முறை வந்தபோது, அவர் சாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஓடுகிற திரையை அப்படியே போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

"அட்டை தொங்கிக்கினு இருந்துச்சி. பொட்டியத் தொடக் கூடாது, செரி," என்றார் அந்த அம்மாள். "பாக்கக் கூடாதுன்னு அதுல எழுதலியே."

மூவரும் பார்த்தோம். திரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுகிறது. மூலையில் சாரின் வழுக்கை. ஆனாலும் செங்குட்டுவன் வருகிறார், பலாப்பழம் தோளிலிருந்து நழுவப் பார்க்கிறது, பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். மேளச் சத்தத்துக்கு மேலே சாரின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "படம் சரி. சவுண்டு சரி. நாப்பத்தேழு செகண்டு. டிக்."

திலகவதி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இனி ஆயுசுக்கும் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் புருஷன் டிக் போடுவதையும் கேட்டாக வேண்டும். சார் மறுபடி போடு என்று கை காட்டினார். நான்கு தடவை பார்த்தார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனம் திருந்தாது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. போனைக் கொடு திலகா, அந்தச் சாய்வை மட்டும் நிமிர்த்தி, பெயர் மாற்றி, முறையாக ஒரு காப்பி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. என்னவென்று ஏறிப் பார்த்தேன். திலகவதி அம்மாளின் போன் அலமாரியில் இருந்தது. அதன் மேல் அந்தச் சிவப்பு அட்டை. சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதன் எதிரே நின்றுகொண்டிருந்தார். மாட்டியவர்தான் கழற்றலாம் என்பது அவருக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி லாரி வந்தது. போன் திலகவதி அம்மாளின் இடுப்பில், அட்டையோடு வடக்குத்துக்குப் போயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்கள் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நல்லது. உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரோ, திரை உடைந்த போனோ இருக்கிறது, இல்லையா? அதில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதை இப்போதே எழுந்து எடுக்கப் போகிறீர்களா? அல்லது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிடலாம் என்று இந்த நிமிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்களா?

சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு தடவை கழுத்தைத் தடவிப் பாருங்கள், அட்டை தட்டுப்படும்.